முருகன் தூக்கிக்கொண்ட முழங்கால் வலி

ராஜமாணிக்கத்துக்குப் பொய் சொல்ல வராது என்று போர்ட் பிளேரில் ஒரு பேச்சு உண்டு. ரோடு காண்ட்ராக்டர் ஒருவரைப் பற்றி ஊர் இப்படிப் பேசுவது லேசில் நடக்கிற காரியமில்லை. சிவகங்கைப் பக்கத்திலிருந்து இருபத்திரண்டு வயதில் கப்பலேறி வந்து, ஒரு மேஸ்திரிக்குக் கீழே ஜல்லி சுமந்து, பிறகு தானே காண்ட்ராக்ட் எடுத்து, ஐம்பத்துநாலு வயதுக்குள் அந்தப் பெயரைச் சம்பாதித்திருந்தார். பங்குனி உத்திரத்துக்குப் பதினாறு வருஷமாக மயில் காவடி எடுப்பவர். பதினோரு பேர் கொண்ட காவடிக் குழுவுக்குத் தலைவர். அப்பேர்ப்பட்ட மனிதர் இந்த வருஷம் மாலை போட்ட மூன்றாம் நாள் ஒரு பொய் சொன்னார். சொன்னதோடு நிற்காமல், அதைக் காப்பாற்றப் போய் உயிரையே விடப் பார்த்தார்.

எல்லாவற்றுக்கும் காரணம் வலது முழங்கால். இரண்டு வருஷமாக வந்து போய்க்கொண்டிருந்த வலி போன மழைக்காலத்திலிருந்து அவரைப் படுத்தி எடுத்தது. டெலானிபூரில் அவர் வீடு மேட்டில் இருக்கிறது. ரோட்டிலிருந்து வாசலுக்கு நாற்பத்தேழு படி. நண்டு மாதிரிப் பக்கவாட்டில் ஏறி, நடுவில் இரண்டு முறை நின்று, செல்போனில் ஏதோ பார்ப்பதுபோல் பாவனை செய்துவிட்டு மறுபடி ஏறுவார். இதைக் குழுவில் யாரோ பார்த்துவிட்டார்கள். அபர்டீன் பஜாரில் மளிகைக் கடை வைத்திருக்கும் பன்னீர்செல்வம், நல்லெண்ணத்தில்தான், "அண்ணன் இந்த வருஷம் பால்குடம் எடுக்கட்டுமே. காவடிய நாம பாத்துக்குவோம்" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். பால்குடம் ராஜமாணிக்கத்தின் மனைவி நளினி எடுப்பது. ஐம்பது பெண்களுக்கு நடுவில் தானும் ஒரு குடத்தோடு நடந்து போவதை ராஜமாணிக்கம் நினைத்துப் பார்த்தார். அன்றைக்கு அவருக்குப் பழம்கூட இறங்கவில்லை.

மறுநாள் மருந்துக் கடைக்குப் போனார். இரண்டு வருஷம் முன்பு ஒரு எலும்பு டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு அவர் பர்சில் இருந்தது. ஐந்து நாளைக்கு, காலை ஒன்று மாலை ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு என்று அதில் எழுதியிருந்தது. ஐந்து நாள் என்பதைத் தாண்டி அந்தச் சீட்டு இரண்டு வருஷமாக உழைத்துக்கொண்டிருந்தது. ஹட் பேயில் அவருடைய வேலையைப் பார்த்துக்கொள்ளும் தேவேந்திரனும் தன் பங்குக்குச் சிவப்பு மாத்திரை நாலு அட்டை கப்பலில் கொடுத்தனுப்பியிருந்தான். "இதப் போட்டீங்கன்னா வலி ஓடியே போயிரும், சேட்" என்று போனில் சொன்னான். சீட்டு மாத்திரை வெள்ளை, தேவேந்திரன் மாத்திரை சிவப்பு. நிறம் வேறாக இருந்ததால் மருந்தும் வேறு என்று எடுத்துக்கொண்டு ராஜமாணிக்கம் இரண்டையும் சேர்த்தே விழுங்கினார்.

அன்று மாலை கோயில் மைதானத்தில் ஆட்டப் பயிற்சி. முழங்கால் எண்ணெய் போட்ட கதவு மாதிரி மடங்கியது. மின்சாரத் துறையில் லைன்மேனாக இருக்கும் முத்துராஜுக்கு அதைப் பார்த்துப் பொறுக்கவில்லை. திருநெல்வேலிக்காரர், ராஜமாணிக்கத்தைவிட ஐந்து வயது இளையவர், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளத் தெரியாதவர்.

"அண்ணாச்சி, முழங்கால் என்னாச்சு? இந்த ஆட்டம் ஆடுதிய!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பன்னீர்செல்வமும் பார்த்தார். மாத்திரை போட்டிருக்கேன் என்று சொல்ல ராஜமாணிக்கம் வாயைத் திறந்தார். ஆனால் வேறு வார்த்தைதான் வந்தது.

"மாலை போட்டன்னைக்கே போயிருச்சுப்பா. நம்ம கையில என்ன இருக்கு? முருகன் தூக்கிட்டான்."

அவ்வளவுதான். அன்றைய பஜனையில் பன்னீர்செல்வமே மைக்கைப் பிடித்து, "நமது தலைவரின் முழங்கால் வலியை முருகப்பெருமான் தூக்கிக்கொண்டான்" என்று அறிவித்தார். கூட்டம் அரோகரா போட்டது. மறுநாளிலிருந்து முழங்கால் வலிக்காரப் பெண்கள் அவர் கையால் திருநீறு வாங்க வரிசையில் நின்றார்கள். ராஜமாணிக்கம் கூச்சத்தோடு பூசிவிட்டார். இரண்டு பேர் தேவலை என்று வேறு சொன்னார்கள். இனிமேல் எந்த முகத்தோடு பின்வாங்குவது?

விரதம் இருபத்தொரு நாள். பகலில் ஒரு வேளை சாப்பாடு, அதுவும் வெங்காயம் பூண்டு இல்லாமல். மற்ற நேரத்தில் கருப்புக் காப்பி, கொஞ்சம் பழம். வலியோ காலையிலும் மாலையிலும்தான் வந்து நிற்கும். எனவே காலையில் குளித்ததும் வெள்ளை ஒன்று சிவப்பு ஒன்று, மாலைப் பயிற்சிக்கு முன்னால் வெள்ளை ஒன்று சிவப்பு ஒன்று. எல்லாம் வெறும் வயிற்றில், கருப்புக் காப்பியோடு. சாப்பிட்டால் விரதம் கெடும், மாத்திரை சாப்பாட்டில் சேராது என்று அவரே ஒரு தீர்ப்பும் எழுதிக்கொண்டார். அட்டையை வேட்டி மடிப்பில் வைத்திருந்தார். நளினி கண்ணில்கூடப் படாமல் பார்த்துக்கொண்டார் என்றால் அவருடைய சாமர்த்தியத்தைப் புரிந்துகொள்ளலாம்.

பதின்மூன்றாம் நாள் மேல்வயிறு எரிய ஆரம்பித்தது. விரதம் என்றால் வயிறு காயத்தான் செய்யும் என்று விட்டுவிட்டார். பதினைந்தாம் நாள் காலையில் கக்கூஸுக்குப் போனவர் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டார். போனது கன்னங்கரேல் என்று, பளபளப்பாக, பிசுபிசுவென்று இருந்தது. முப்பது வருஷமாக ரோடு போடுகிறவருக்குத் தார் எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

வேறு யாராக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார்கள். ராஜமாணிக்கம் தெய்வ குத்தம் என்று முடிவு செய்தார். விரதத்தில் எங்கோ பிசகு நடந்திருக்கிறது. எங்கே? யோசித்துப் பார்த்ததில் ரங்கத் ஞாபகம் வந்தது. மூன்று நாள் முன்னால் அங்கே ரோடு வேலையைப் பார்க்கப் போய், பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஓட்டலில் சோறும் பருப்பும் சாப்பிட்டிருந்தார். இந்தத் தீவில் மீன் இல்லாத அடுப்பைத் தேடிக் கண்டுபிடிப்பதே ஒரு தனி விரதம். மீன் குழம்புக் கரண்டியைப் பருப்பில் போட்டுவிட்டார்களோ? உடனே அங்கிருந்த சூப்பர்வைசர் பாலகுமாருக்கு போன் போட்டார்.

"பாலா, அந்த ஓட்டலுக்குப் போ. பருப்புக்கும் மீனுக்கும் தனிக் கரண்டியான்னு விசாரி. சமையக்காரனையே கேளு."

பாலகுமார் அரை மணி கழித்துக் கூப்பிட்டான். குரலில் அவமானம் தெரிந்தது.

"அண்ணே, தனிக் கரண்டிதானாம். எடுத்துக் காட்டுனாங்க. ஓனர் 'க்யா ஹுவா பாய், போலீஸ் கேஸா'ன்னு கேக்குறாரு. நான் என்ன சொல்ல?"

"ஒண்ணும் சொல்லாத. ஒரு டீ குடிச்சிட்டு வா."

கரண்டி குற்றமற்றது என்று ஆனபிறகு பாக்கி இருந்தது அவருடைய பொய் ஒன்றுதான். அதை நினைக்கவே அவருக்குப் பயமாக இருந்தது. முருகன் பேரில் பொய் சொன்னதற்கு முருகன் கூலி கொடுக்கிறான். சரி, பரிகாரம் செய்துவிடலாம். என்ன பரிகாரம்? பகல் சாப்பாட்டையும் விட்டுவிடுவது. ஆக, பதினாறாம் நாளிலிருந்து அவர் வயிற்றுக்குள் போனது காப்பியும் பழமும் நாலு மாத்திரையும் மட்டும்தான். மாத்திரையை விட முடியாது, விட்டால் முழங்கால் காட்டிக் கொடுத்துவிடும்.

பதினெட்டாம் நாள் காலை ஏழு மணிக்கு மைதானத்தில் காவடியைத் தோளில் ஏற்றினார். நாலு சுற்று ஆடியதும் பார்வை மங்கியது. முத்துராஜ் ஓடிவந்து காவடியைப் பிடித்துக்கொண்டார். ராஜமாணிக்கம் மண்டியிட்டு, காப்பித் தூள் கரைத்த மாதிரி வாந்தி எடுத்தார். அடுத்த வாந்தியில் சிவப்பாகவே வந்தது. பன்னீர்செல்வத்தின் சரக்கு வண்டியில் அரிசி மூட்டைகளை இறக்கிப் போட்டுவிட்டு அவரை ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

வார்டில் மஞ்சள் வேட்டி கட்டிய பத்துப் பேர் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். நளினி தலைமாட்டில் நின்றாள். டாக்டர் மண்டல் என்று ஒரு பெண். மாயாபந்தர் பக்கம் குடியேறிய பெங்காலிக் குடும்பம், தமிழும் கொஞ்சம் பேசுவார். நாடியைப் பார்த்தார், கண் இமையை இழுத்துப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார்.

"தாரு? குடிப்பீங்களா?"

"நஹி மேடம். பழக்கமே இல்ல."

"தர்த் கா கோலி? வலிக்கு மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?"

ராஜமாணிக்கம் சுற்றிப் பார்த்தார். இருபது கண்கள். பன்னீர்செல்வம் அவருக்கு முந்திக்கொண்டார்.

"மேடம், அவருக்கு முழங்கால் வலி இருந்துச்சு. முருகன் கிருபையில போயிருச்சு. மாத்திரையெல்லாம் கிடையாது."

டாக்டர் நோயாளியைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க."

"இல்ல மேடம்" என்றார் ராஜமாணிக்கம்.

மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் இல்லை. டாக்டர் எதையோ எழுதினார். முகம் இறுகியிருந்தது. ஊசி, டிரிப் எல்லாம் ஏற்பாடு செய்துவிட்டு நளினியைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போனார். கதவு பாதி திறந்திருந்ததால் அவர் பேசியது கட்டிலுக்கும் கேட்டது. உடம்பில் ரத்தம் பாதிதான் இருக்கிறது. முதலில் ரத்தம் ஏற்ற வேண்டும், நாளைக் காலையில் குழாய் விட்டு வயிற்றுக்குள் பார்க்க வேண்டும். குடியும் இல்லை, மாத்திரையும் இல்லை, எடையும் ஏழு கிலோ குறைந்திருக்கிறது என்கிறீர்கள், அதனால் கேன்சரையும் மனதில் வைத்துத்தான் பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் சென்னைக்கு அனுப்புவோம் என்றார். நளினி, "டீக் ஹை மேடம், டீக் ஹை மேடம்" என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே இருந்தாள். டாக்டர் போனபிறகு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முப்பது வருஷத்தில் அவள் அப்படி அழுது அவர் பார்த்ததில்லை.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவேண்டும் என்றுதான் "நளினி" என்று கூப்பிட்டார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, "ஒண்ணுமில்லங்க, சாதா அல்சராத்தான் இருக்கும்னு சொல்றாங்க" என்று அவருக்கே ஒரு பொய் சொன்னாள். அந்த நேரம் பார்த்துப் பன்னீர்செல்வம் திருநீற்றோடு வந்து நெற்றியில் பூசிவிட்டு, "உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுண்ணே. முழங்கால தூக்குனவன் இதத் தூக்க மாட்டானா?" என்றார். ராஜமாணிக்கம் வாயை மூடிக்கொண்டார். ஒருவேளை கேன்சராகவே இருந்துவிட்டால், மாத்திரை விஷயத்தை யாரும் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே இருக்காது என்றுகூட ஒரு கணம் நினைத்தார். மனுஷ மனசு இருக்கிறதே, அதற்கு வெட்கம் கிடையாது.

நளினி தாழ்வாரத்தில் சென்னையில் இருக்கும் தம்பிக்கு போன் செய்து, எந்த ஆஸ்பத்திரி நல்லது என்று கேட்டுக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் குழு முழுக்க ரத்தம் கொடுக்கக் கிளம்பிவிட்டது. "மொத ஆளா நான்தான்" என்று முத்துராஜ் முன்னால் ஓடினார். முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பியவர்கள் வாசலில் நிற்க, அவர் மட்டும் உள்ளே வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கட்டிலுக்கு நெருக்கமாக உட்கார்ந்தார். ஆள் வெளிறிப் போயிருந்தார்.

"என்னப்பா, குடுத்துட்டியா?"

"எடுக்க மாட்டேன்னுட்டாங்க அண்ணாச்சி. விரல்ல குத்திப் பாத்தாங்க. ஹீமோகுளோபின் எட்டுதான் இருக்காம். உமக்கே ரத்தம் ஏத்தணும்வே, ஓடிப் போயி டாக்டரப் பாரும்னு சொல்லிட்டான் அந்த ரத்த பேங்க்காரன். நம்ம பாளையங்கோட்டைப் பயதான்."

"விரதம் இருக்கோம்ல. அதனால இருக்கும்."

முத்துராஜ் தலையை ஆட்டினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இல்ல அண்ணாச்சி. உங்ககிட்ட மட்டும் சொல்லுதேன். எனக்கும் ரெண்டு நாளா கருப்பாத்தான் போகுது. இது என் பாவம். கம்பம் ஏறி ஏறி இடுப்பு போச்சு எனக்கு. உங்களுக்கு முருகன் தூக்குனான். எனக்குந் தூக்குவான்னு நாலு நாள் பாத்தேன். தூக்கல. எனக்கு நம்பிக்க பத்தலன்னு நெனச்சேன். வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு. யாருக்கும் தெரியாம வலி மாத்திர போட்டுக்கிட்டு இருக்கேன், தெனம் மூணு. வெறும் வயித்துலதான். திருட்டுத்தனமா மாத்திர போட்டுட்டு அவன் முன்னால ஆடுதேன்லா, அதான் தண்டிச்சிட்டான்."

சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு இன்னும் தாழ்ந்த குரலில், "இன்னும் மூணு நாள்தான அண்ணாச்சி. உத்திரம் முடியட்டும், அப்புறமா டாக்டரப் பாத்துக்கிடுதேன். அதுவரைக்கும் யார்ட்டயும் சொல்லாதிய" என்றார்.

மடியில் அட்டையைத் தடவிப் பார்த்து, "இந்தா, சாயந்தரத்துக்கு இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு" என்று வேறு சொன்னார்.

ராஜமாணிக்கத்துக்குக் காதுக்குள் ரத்தம் இரைந்தது. இருந்த கொஞ்சநஞ்ச ரத்தமும் அப்போது முகத்துக்கு ஏறியிருக்க வேண்டும். தன் உயிரை வைத்துச் சூதாடுவதற்கு அவருக்கு ஒரு அசட்டுத் தைரியம் இருந்தது. இந்த மனிதர் உயிரை வைத்து ஆட அவருக்கு யார் உரிமை கொடுத்தது? முத்துராஜுக்கு இரண்டு பெண்கள், சின்னவள் எட்டாம் வகுப்பு. இவரைப் போலவே மைதானத்தில் விழுந்திருந்தால்? கம்பத்தின் மேலே இருக்கும்போது தலைசுற்றியிருந்தால்?

"டேய், அத இங்க குடு" என்றார். முத்துராஜ் திகைத்துப்போய் அட்டையை நீட்டினார். ராஜமாணிக்கம் அதை வாங்கி, டிரிப் போட்ட கையாலேயே தன் வேட்டி மடிப்பைத் துழாவி வெள்ளையும் சிவப்புமாக இரண்டு அட்டைகளை எடுத்து, மூன்றையும் போர்வை மேல் வைத்தார். பிறகு அந்த வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.

"நளினி! டாக்டரக் கூப்பிடு! பன்னீரு, எல்லாரும் உள்ள வாங்கப்பா!"

உயிர் போகப் போகிறது என்று நினைத்துத்தான் எல்லோரும் ஓடி வந்தார்கள். டாக்டர் மண்டல் ஸ்டெதாஸ்கோப்பைக் கையில் பிடித்தபடி வந்தார். ராஜமாணிக்கம் ஒருவர் முகத்தையும் பார்க்காமல், போர்வையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மேடம், நான் சொன்னது ஜூட். பொய். மாத்திரை போட்டேன். தினம் நாலு, பதினாறு நாளா. காலு வலி எங்கயும் போகல. முருகனும் தூக்கல. இந்த மாத்திரைதான் தூக்குச்சு. இவங்க எல்லாரையும் ஏமாத்திட்டேன். என் பேச்சக் கேட்டு இந்த முத்துராஜும் யாருக்கும் தெரியாம போட்டிருக்கான். அவனுக்கும் கருப்பாப் போகுதாம். முதல்ல அவனப் பாருங்க."

டாக்டர் அட்டைகளை எடுத்து ஒவ்வொன்றாகப் பின்னால் திருப்பிப் படித்தார். படித்துக்கொண்டே இருந்தவர் நீளமாக மூச்சு விட்டார். அந்த மூச்சைக் கேட்டதும் ராஜமாணிக்கத்துக்கு ஏதோ நல்லது நடக்கப்போகிறது என்று தோன்றியது. கேன்சர் என்று நினைத்துக்கொண்டிருக்கும் டாக்டர் அப்படி மூச்சு விடமாட்டார்.

"மூணு தடவ கேட்டேன், பாய் சாப். மூணு தடவ" என்றார். கோபமாகச் சொல்ல முயன்றார், சிரிப்பு குறுக்கே வந்தது. "வெள்ளையும் சிவப்பும் ரெண்டும் ஒரே ஜாதி. ரெண்டு வேற மருந்து இல்ல, டபுள் டோஸ். இந்த மாத்திரை வலிய நிறுத்தும். கூடவே வயித்துக்குள்ள இருக்கிற பாதுகாப்பையும் நிறுத்தும். உள் தோலு தன்னையே காப்பாத்திக்க முடியாது, புண்ணாகும், ரத்தம் வரும். குடல்லயும் வரும். நீங்க வெறும் வயித்துல வேற போட்டிருக்கீங்க."

"அப்போ சாப்பிட்டுட்டுப் போட்டிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காதா மேடம்?" என்று பின்னாலிருந்து பன்னீர்செல்வம் கேட்டார். அவசரமாகக் கேட்டார். டாக்டர் அவரை ஒரு பார்வை பார்த்தார்.

"அப்பவும் ஆகலாம். அஞ்சு நாளைக்கு எழுதினத இத்தனை நாள் போடக் கூடாது. ஏன், நீங்களும் போடுறீங்களா?"

பன்னீர்செல்வம் கூரையைப் பார்த்தார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு மெதுவாக மடியைத் தடவினார். அவருக்குப் பக்கத்தில் நின்றவர் அவரைப் பார்த்துவிட்டுத் தன் சட்டைப் பையில் கை விட்டார். ஐந்து நிமிடத்தில் போர்வை மேல் ஏழு அட்டைகள் சேர்ந்துவிட்டன. தலைவர் ஆடுகிற ஆட்டத்துக்கு ஈடு கொடுக்க வேண்டும், தலைவர் மாதிரி அருள் இறங்காதவன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்று ஆளுக்கு ஆள் ஒளித்து ஒளித்து விழுங்கியிருக்கிறார்கள். டாக்டர் நர்ஸைக் கூப்பிட்டு எல்லோருடைய பெயரையும் எழுதச் சொன்னார்.

நளினி கிட்டே வந்தாள். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் அவர் காலைப் பிடித்துக்கொண்டு, சத்தம் போட்டு அழுதாள். தாழ்வாரத்தில் அழுத அழுகை இல்லை இது. இதில் பாதி சிரிப்பு இருந்தது.

மறுநாள் காலையில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். வயிற்றின் அடிப்பக்கத்தில் இரண்டு புண், ஒன்றிலிருந்துதான் ரத்தம். அதைக் கிளிப் போட்டு நிறுத்தியாயிற்று. சோதனைக்கு ஒரு துளி சதை எடுத்திருந்தாலும், பார்த்தவரையில் கேன்சருக்கான அடையாளம் எதுவும் இல்லை, இது மாத்திரை செய்த புண்தான் என்றார் டாக்டர். மாத்திரையை நிறுத்தி, அமிலத்தைக் குறைக்கும் மருந்து இரண்டு மாதம் சாப்பிட்டால் ஆறிவிடும். முழங்காலுக்கு வேறு வைத்தியம் இருக்கிறது, அதைத் தனியாகப் பார்க்கலாம். முத்துராஜுக்குப் புண் ஆழமில்லை, சிராய்ப்பு மாதிரி அங்கங்கே. ஒரு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். அவரையும் பக்கத்துக் கட்டிலிலேயே படுக்க வைத்திருந்தார்கள். மற்றவர்களுக்கு ரத்தம் சரியாகவே இருந்தது. பன்னீர்செல்வத்துக்கு நெஞ்செரிச்சல் மட்டும்.

நளினி தம்பிக்கு போன் செய்து, சென்னையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்றாள். "குச் நஹி டா. உன் மாமாவுக்குக் கொஞ்சம் பாகல்பன், கிறுக்கு, அவ்ளோதான்" என்று சொல்வது ராஜமாணிக்கத்துக்கு நன்றாகவே கேட்டது. அவருக்கு அதைவிட இனிமையான திட்டு ஆயுசில் கிடைத்ததில்லை. ஜன்னல் வழியாகக் கடல் தெரிந்தது. கப்பல் ஒன்று போய்க்கொண்டிருந்தது. அதில் தான் படுத்த வாக்கில் போகவில்லை என்று நினைத்ததும் உடம்பு முழுக்க லேசாகிவிட்டது.

மாலையில் குழு முழுக்க வந்தது. உத்திரத்துக்கு நடுவில் ஒரே ஒரு நாள்தான் பாக்கி. பன்னீர்செல்வம்தான் பேசினார். இந்த வருஷம் காவடியின் கனத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்வது, மேட்டில் ஆடாமல் நடந்தே ஏறுவது, மதியம் நன்றாகச் சாப்பிடுவது என்று பேசி முடிவு செய்திருந்தார்கள். ராஜமாணிக்கத்தின் மயில் காவடியைக் கோயிலிலேயே வைத்துக்கொள்வதாகப் பூசாரியும் சொல்லிவிட்டாராம்.

"மன்னிச்சிருங்கப்பா" என்றார் ராஜமாணிக்கம். "மைக்குல நானே சொல்லிடுறேன், டிஸ்சார்ஜ் ஆனதும்."

"அதெல்லாம் நான் நேத்தே சொல்லிட்டேண்ணே" என்றார் பன்னீர்செல்வம். "திருநீறு வாங்க வந்த பொம்பளைங்க எல்லாரையும் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிட்டேன். சிரிக்கிறாங்க. ஆனா போனாங்க."

நளினி தூக்குவாளியைத் திறந்து அரிசிக் கஞ்சியை ஆற்றி ஸ்பூனில் எடுத்தாள். நீட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"ஒண்ணு கேக்குறேன், நெஜத்தச் சொல்லுங்க. டாக்டர் மூணு தடவ கேட்டாங்க. சாகுறது பெருசா தெரியல, இவங்களுக்குக் கால் வலி தெரிஞ்சிடக் கூடாதுங்கறதுதான் பெருசாப் போச்சா உங்களுக்கு?"

எல்லோரும் அவர் என்ன சொல்வார் என்று காத்திருந்தார்கள். இனிமேல் பொய் சொல்லும் உத்தேசம் அவருக்கு இல்லை.

"ஆமா" என்றார். "நேத்து மத்தியானம் வரைக்கும் அப்படித்தான் இருந்துச்சு."

நளினி அவர் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். அப்புறம் கஞ்சியை ஊட்டினாள். உப்புப் போட்ட வெறும் கஞ்சி. வயிற்றுக்குள் அது எரிச்சல் இல்லாமல் இறங்குவதை அவர் கண்ணை மூடிக்கொண்டு கவனித்தார். இரண்டாவது ஸ்பூனுக்காக நிமிர்ந்து உட்காரப் போனபோது காலை மடக்கினார். சுருக்கென்றது. பதினெட்டு நாளாகப் பல்லைக் கடித்து உள்ளே தள்ளிய சத்தம் முழுசாக வெளியே வந்தது.

"அம்மா! முழங்கால் என்னமா வலிக்குது!"

சொன்னதும் அவருக்கே சிரிப்பு வந்தது. எவ்வளவு சுகமாக இருந்தது அதைச் சொல்ல! பக்கத்துக் கட்டிலிலிருந்து முத்துராஜ் முனகினார்.

"எனக்கு இடுப்பு அண்ணாச்சி. ரெண்டு பக்கமும்."

"எனக்குக் கழுத்து" என்றார் வாசலோரம் நின்ற ஒருவர்.

பன்னீர்செல்வம் சுற்றுமுற்றும் பார்த்தார், தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெல்ல, முகத்தைச் சுளித்தபடி, ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"எனக்கு ரெண்டு முட்டியும்ணே" என்றார். "ஏழு வருசமா."